காலிக்கு வந்த பனிக்கடல் கப்பல்



கடந்த வாரம் வகுப்பில் உலகப் படத்தை விரித்து, சுயஸ் கால்வாயிலிருந்து தெய்வேந்திரமுனைக்குத் தெற்கால் கிழக்கே போகும் கப்பல் பாதையைக் காட்டினோம். பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை கேட்டது: “சேர், வடக்கில ஐஸ் எல்லாம் உருகுதாமே. கப்பலெல்லாம் அந்தப் பக்கத்தால போனா எங்கட பக்கம் ஒண்ணும் வராதா?”

நியாயமான கேள்வி. பதிலைத் தேடிப் போனால் அது நம் காலித் துறைமுகத்தையும் தொட்டுச் செல்கிறது.

தெற்குக் கடல்கள் போர்த்துக்கேயர் கையில் இருந்த காலத்தில், மற்ற ஐரோப்பியர் ஆசியாவுக்கு வடக்கால் ஒரு வழி தேடினார்கள். 1553இல் புறப்பட்ட ஆங்கிலேயக் கப்பல்களில் இரண்டின் மாலுமிகள் ரஷ்யாவின் வட கரையில் குளிர்காலத்தைத் தாங்காமல் மாண்டனர். ஒல்லாந்தரான வில்லெம் பரென்ட்ஸ் 1596இல் நோவாயா செம்ல்யா தீவில் பனியில் சிக்கி, மறு ஆண்டு திரும்பும் வழியில் இறந்தார். வடக்கு மறுத்ததும் ஒல்லாந்தர் தெற்கு வழியாகவே வந்தார்கள். 1640இல் காலியைப் பிடித்தார்கள். அதன் பின் நடந்ததை நாம் அறிவோம்.

அந்த வடக்கு வழியை முதலில் முழுதாகக் கடந்தது, நோர்டென்ஷோல்ட் தலைமையில் 1878இல் புறப்பட்ட சுவீடனின் ‘வேகா’ கப்பல். பேரிங் நீரிணைக்கு இரண்டொரு நாள் ஓட்டம் மட்டுமே மிச்சமிருக்கையில் கடல் உறைந்தது. ஏறத்தாழ பத்து மாதம் அங்கேயே நின்றது. 1879 ஜூலையில் விடுபட்டு, ஜப்பான், சிங்கப்பூர் வழியாக அதே ஆண்டு டிசம்பரில் வந்து நின்ற இடம் நமது காலி! கனிமவியல் அறிஞரான நோர்டென்ஷோல்ட், இரத்தினபுரிக்குப் போய் மாணிக்கக்கல் அகழும் இடங்களையும் பார்த்தார். ஊர் திரும்பியது சுயஸ் வழியாகத்தான்.

பிறகு சோவியத் அரசு அந்தக் கடலைக் கையிலெடுத்தது. 1932இல் ‘சிபிரியகோவ்’ ஒரே பருவத்தில் கடந்தது. ஆனால் ‘செல்யுஸ்கின்’ என்ற சரக்குக் கப்பலை 1934 பெப்ரவரியில் பனி நசுக்கி மூழ்கடித்தது. உயிர் தப்பிய 104 பேர் பனித்தட்டில் கூடாரமடித்திருந்து, விமானங்களால் மீட்கப்பட்டனர். 1959இல் அணுசக்தியில் ஓடும் பனியுடைப்புக் கப்பலான ‘லெனின்’ வந்தது. 1991இல் வெளிநாட்டுக் கப்பல்களுக்கும் வழி திறந்தது.

யொகொஹாமாவிலிருந்து ரொட்டர்டாமுக்கு சுயஸ் வழியாகச் சுமார் 11,200 கடல் மைல். வடக்கால் சுமார் 7,300. அப்படியானால் ஏன் எல்லோரும் போகவில்லை? 2018இல் ‘வென்டா மேர்ஸ்க்’ என்ற கொள்கலன் கப்பல் போய்ப் பார்த்தது. இது ஒரு பரீட்சார்த்தப் பயணம்தான், வழமையான பாதைக்கு மாற்று அல்ல என்று கம்பனியே சொன்னது. சாதாரணக் கப்பலுக்குக் கோடையும் இலையுதிர் காலத் தொடக்கமும்தான் வசதி. பனியுடைப்புக் கப்பலுக்குக் கட்டணம், கூடிய காப்புறுதி, ஆழம் குறைந்த நீரிணைகள், வழியில் ஏற்றி இறக்கப் பெரிய துறைமுகங்கள் இன்மை. 2024இல் அவ்வழியால் போனது சுமார் 3 கோடி 80 இலட்சம் தொன். பெரும்பகுதி ரஷ்யாவின் சொந்த எரிவாயுவும் எண்ணெயும். சுயஸ் வழமையான ஆண்டொன்றில் 100 கோடி தொன்னைத் தாண்டும்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்னது இதுதான். நாளைக்கே நம் கடல் வெறிச்சோடாது. ஆனால் பாதைகள் மாறாதவையும் அல்ல. ‘வேகா’ வந்த நாளில் கப்பல்கள் தங்கிப்போகும் முதன்மைத் துறைமுகம் காலி. சில ஆண்டுகளிலேயே அலைதடுப்பு கட்டிய கொழும்பு அந்த இடத்தைப் பிடித்தது. காலியின் தொழிலை வடதுருவம் பறிக்கவில்லை. எழுபத்தைந்து மைல் தள்ளியிருந்த, ஆயத்தமாகிக்கொண்ட இன்னொரு துறைமுகம்தான் பறித்தது.

இன்னொன்று. கடலில் மிதக்கும் பனி உருகுவதால் மட்டும் கடல்மட்டம் உயராது. ஆனால் அதை உருக்கும் அதே வெப்பம் நிலத்துப் பனியையும் உருக்கி, நம் கரையையும் அரிக்கிறது. கப்பல் போகுமா என்று கேட்கும் பிள்ளைகள், கரை நிற்குமா என்றும் கேட்கப் பழக வேண்டும். கேட்டால் வீட்டிலும் அதட்டாமல் பதில் சொல்வோம், உறவுகளே.