‘மாஷ்’ தொடரின் கதைநிகழ் காலம்

ஒரு கதை ஆக்கப்பட்ட காலம் வேறு. அக்கதை நிகழ்வதாகக் காட்டப்படும் காலம் வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிவது ஆராய்ச்சியின் முதற்பணிகளுள் ஒன்று. சிலப்பதிகாரத்தில் இலங்கை வேந்தன் கயவாகுவின் பெயர் வருவதைக் கொண்டு, சேரன் செங்குட்டுவன் காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என அறிஞர் பலர் கணித்தனர். அதனால் கதை நிகழ்ந்த காலம் ஒருவாறு புலனாகலாம். நூல் எழுந்த காலமும் அதுவே எனத் துணிதல் ஆகாது என்று மறுத்தோரும் உளர். காப்பியத்திற்கு எழும் இவ்வினா, தொலைக்காட்சியில் வந்த நகைச்சுவைத் தொடர் ஒன்றிற்கும் எழுகின்றது. அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டு முதல் 1983ஆம் ஆண்டு வரை ஒளிபரப்பான ‘மாஷ்’ என்னும் தொடரே அது.

நடமாடும் படை அறுவை மருத்துவமனை என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அமைந்த சொல் மாஷ். கொரியப் போர்முனைக்கு அண்மையில், உய்ஜோங்பு நகருக்கு அருகே கூடாரமிட்டிருக்கும் 4077 என்னும் எண்ணுடைய மருத்துவமனையே தொடரின் களம். அங்கே பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியரும் குருதிக்கும் அழுகைக்கும் நடுவே சிரித்துப் பிழைக்கின்றனர். கொரியாவில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்த ஹார்ன்பெர்கர் என்பவர், ரிச்சர்ட் ஹூக்கர் என்னும் புனைபெயரில் 1968இல் வெளியிட்ட புதினமே இதற்கு மூலம். 1970இல் அது திரைப்படமாயிற்று. 1972இல் தொலைக்காட்சித் தொடராயிற்று.

கொரியப் போர் மலாயா மக்களுக்கு முற்றிலும் அயலான செய்தியன்று. அப்போர் மூண்டவுடன் ரப்பரின் விலையும் வெள்ளீயத்தின் விலையும் உயர்ந்ததை இந்நாட்டு வரலாறு குறித்து வைத்துள்ளது. ஆதலின் அப்போரைப் பற்றிய கதையின் காலக்கணக்கை ஆராய்தல் இங்குள்ளோர்க்கும் பயன் தருவதாகும்.

எல்லைகள் இரண்டு

புறச்சான்றுகளைக் கொண்டு தொடரின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் வகுத்தல் எளிது. கொரியப் போர் 1950 ஜூன் 25இல் தொடங்கியது. 1953 ஜூலை 27இல் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அன்றிரவு பத்து மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. போர் நடந்த காலம் ஏறத்தாழ 37 திங்கள். தொடரோ பதினொரு பருவங்களாக, பத்து ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. போரைப்போல் மும்மடங்கு காலம் போர்க்கதை நடந்தது. இங்கேதான் சிக்கல் தோன்றுகிறது.

முதற்கதையின் தொடக்கத்தில் திரையில் ஒரு குறிப்புக் காட்டப்படுகிறது. இடம் கொரியா, ஆண்டு 1950 என்று கூறும் அக்குறிப்பு, அது நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது என்றும் கூறுகிறது. 1972இல் அத்தொடரைக் கண்டவர்க்கு 1950 என்பது இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முற்பட்டதே. நூறு ஆண்டு என்றது கணக்கறியாமல் சொன்னதன்று. காலத்தை ஒரு கையால் காட்டி, மறு கையால் மறைக்கும் உத்தி அது.

தலைவர் இருவர்

தொடரின் முதல் மூன்று பருவங்களில் மருத்துவமனையின் தலைவர் ஹென்றி பிளேக் என்பவர். மூன்றாம் பருவத்தில் தளபதி மெக்கார்தர் மருத்துவமனைக்கு வருகை தருவதாக ஒரு கதை உண்டு. மெக்கார்தர் 1951 ஏப்ரல் 11இல் பதவி நீக்கப்பட்டார். ஆகவே அக்கதை அந்நாளுக்கு முன்னரே நிகழ்ந்திருத்தல் வேண்டும். இதுவரை முரண் இல்லை.

மூன்றாம் பருவத்தின் இறுதியில் பிளேக் தாயகம் திரும்பும் வழியில் விமானம் வீழ்த்தப்பட்டு மாள்கிறார். நான்காம் பருவத்தில் ஷெர்மன் பாட்டர் தலைமை ஏற்கிறார். அவர் பொறுப்பேற்ற நாள் 1952 செப்டம்பர் 19 என்று அக்கதையிலேயே சொல்லப்படுகிறது. இதனை ஏற்றுக்கொண்டால், பாட்டர் வந்த நாளிலிருந்து போர் முடியும் நாள் வரை எஞ்சியிருப்பவை பத்துத் திங்களே. அப்பத்துத் திங்களுக்குள் நான்கு முதல் பதினொன்று வரையுள்ள எட்டுப் பருவங்களும் அடங்க வேண்டும்.

அடங்குமா என்பதைக் கிறிஸ்துமஸ் பண்டிகையைக் கொண்டு சோதிக்கலாம். பாட்டரின் கீழ் முதலில் பணியாற்றிய பிராங்க் பர்ன்ஸ் என்னும் மருத்துவர் நீங்கிய பின்னரே, ஆறாம் பருவத்தில் வின்செஸ்டர் என்பவர் வருகிறார். அவர் இருக்கும்போது மூன்று கிறிஸ்துமஸ்கள் வருகின்றன. அக்கதைகள் 1978, 1980, 1981 ஆகிய ஆண்டுகளின் டிசம்பர் திங்களில் ஒளிபரப்பாயின. ஆனால் 1952 செப்டம்பருக்கும் 1953 ஜூலைக்கும் இடையே வருவது ஒரே கிறிஸ்துமஸ் அன்றோ! பிளேக் காலத்தில், முதற்பருவத்தில் கொண்டாடப்பட்ட பண்டிகையையும் சேர்த்தால் கிறிஸ்துமஸ் நான்காகிறது. போர் முழுவதிலுமே மூன்றுதான் உண்டு.

ஆறு நாள் இடைவெளி

அங்ஙனமாயின் 1952 என்னும் குறிப்பைப் பிழையெனத் தள்ளிவிடலாமே எனின், அதற்கும் வழியில்லை. ஒன்பதாம் பருவத்தில், 1980 டிசம்பரில் ஒளிபரப்பான ஒரு கதை, 1950ஆம் ஆண்டின் கடைசி இரவில் தொடங்கி 1951ஆம் ஆண்டின் கடைசி இரவில் முடிகின்றது. ஓர் ஆண்டு முழுவதையும் ஒரு கதையில் காட்டும் முயற்சி அது. அக்கதையில் மருத்துவமனையினர் அமெரிக்கப் பேஸ்பால் போட்டியின் முடிவின்மீது பந்தயம் கட்டுகின்றனர். நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி புருக்ளின் டாட்ஜர்ஸ் அணியை வென்ற அப்போட்டி 1951 அக்டோபர் 3இல் உண்மையாகவே நடந்தது. ஆகவே ஆண்டைப் பற்றி ஐயம் இல்லை. ஆனால் 1950ஆம் ஆண்டின் கடைசி இரவிலேயே பாட்டர் தலைவராக இருக்கிறார். வின்செஸ்டரும் உடன் இருக்கிறார்.

இதனை ஏற்றுக்கொண்டால் விளைவது யாது? போர் தொடங்கியது ஜூன் திங்களில். பிளேக் தலைமையில் கொண்டாடப்பட்ட கிறிஸ்துமஸ் 1950ஆம் ஆண்டினதாகவே இருத்தல் வேண்டும். டிசம்பர் 25இல் பிளேக் இருக்கிறார். டிசம்பர் 31இல் பாட்டரும் வின்செஸ்டரும் இருக்கின்றனர். இடைப்பட்ட ஆறு நாளில் பிளேக் விடைபெற்று மாண்டு, பாட்டர் வந்து, பிராங்க் பர்ன்ஸ் அவர்கீழ் இரண்டு பருவம் பணியாற்றிச் சென்று, வின்செஸ்டரும் வந்து சேர்ந்திருத்தல் வேண்டும். இஃது இயலாது என்பது வெளிப்படை.

எனவே ஒரு குறிப்பைக் காக்க மற்றொன்றைத் தள்ளியும் பயனில்லை. அகச்சான்றுகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. இத்தொடருக்கு ஒரே நாட்காட்டி இல்லை என்பதே முதல் முடிபு.

மருத்துவம் காட்டும் காலம்

நாட்காட்டி பொய்த்தாலும் காலம் முழுவதும் பொய்த்துவிடவில்லை. தொடரை ஆக்கியோர் கொரியாவில் பணியாற்றிய மருத்துவர்களைக் கண்டு, அவர்தம் பட்டறிவைக் கேட்டறிந்து கதைகளை அமைத்தனர். காயமுற்றோரைப் புறத்தே கட்டிய தூக்குப்படுக்கையில் ஏந்திவரும் சிறு ஹெலிகாப்டர் கொரியப் போருக்கே உரிய காட்சி. ஆறாம் பருவத்தில் மற்றொரு சான்று கிடைக்கிறது. அறுந்த குருதிக்குழாயைப் பற்றிப் பிடிக்கும் நுண்ணிய கவ்வி ஒன்றை, உள்ளூர்ப் பொற்கொல்லர் ஒருவரைக் கொண்டு மருத்துவர்கள் செய்விக்கின்றனர். இரண்டாம் உலகப்போரில் அறுந்த பெருநாடியை முடிச்சிட்டுக் கட்டுவதே வழக்கம். அங்ஙனம் கட்டப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் உறுப்பை இழந்தனர். கொரியாவில் நாடியைத் தைத்து இணைக்கும் முறை வளர்ந்தது. உறுப்பிழப்பு ஏறத்தாழ 13 விழுக்காடாகக் குறைந்தது. நாளும் ஆண்டும் பிழைபட்ட தொடரில், கத்தியும் ஊசியும் காலம் பிழைக்கவில்லை.

ஆக்கக் காலத்தின் நிழல்

இனி, கொரியாவுக்குப் பொருந்தாதவை சில. நடிகர்களின் நீண்ட தலைமயிர் 1950களின் படைவீரர்க்கு உரியதன்று; 1970களின் கோலம் அது. இறுதிக் கதையில் காட்டுத்தீ பரவி, மருத்துவமனை இடம்பெயர்கிறது. படப்பிடிப்பு நடந்த கலிபோர்னிய மலைப்பகுதியில் 1982இல் உண்மையாகவே தீப்பற்றிக் கூடாரங்கள் எரிந்தன. அதனையே கதையுள் அமைத்துக்கொண்டனர். கலிபோர்னியாவின் 1982ஆம் ஆண்டுத் தீ, கொரியாவின் 1953ஆம் ஆண்டுத் தீயாயிற்று!

இவற்றினும் பெரியது வியட்நாம். தொடர் தொடங்கிய 1972இல் அமெரிக்கப் படை இன்னும் வியட்நாமில் இருந்தது. 1975 ஏப்ரலில்தான் சைகோன் வீழ்ந்தது. போரை வெறுத்துப் பேசும் கதைமாந்தரின் குரலில் கொரியாவில் இருந்தோரின் சலிப்பும் உண்டு. வியட்நாமுக்குத் தம் மக்களை அனுப்பியோரின் சினமும் உண்டு. நடக்கும் போரை நகைச்சுவைத் தொடரில் நேரே பழித்தல் அரிது. இருபது ஆண்டுக்கு முந்திய போரைப் பழிப்பதுபோல் பழித்தல் எளிது. நூறு ஆண்டுகளுக்கு முன் என்ற குறிப்பின் பொருள் இப்போது விளங்கும். அஃது எந்தப் போரும் ஆகலாம் என்பதே அதன் கருத்து எனலாம்.

முடிபு

கதைநிகழ் காலம் யாது என்னும் வினாவுக்கு விடை இதுவாகும்: களம் கொரியப் போர், மருத்துவம் அப்போரின் மருத்துவம், நாட்கணக்கு எக்காலத்தும் பொருந்தாதது, உள்ளக்கிளர்ச்சி 1970களின் அமெரிக்காவினது.

இவ்வாறு பகுத்துக் காண்பது வெறும் பொழுதுபோக்கன்று. 1983 பிப்ரவரி 28இல் ஒளிபரப்பான இறுதிக் கதையை அமெரிக்காவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர். அவருள் மிகப் பலருக்குக் கொரியப் போர் என்றால் இத்தொடரே நினைவு. அப்போரில் 36,000க்கு மேற்பட்ட அமெரிக்கர் உயிர்நீத்தனர். மாண்ட கொரிய மக்களோ பல இலட்சம். மறக்கப்பட்ட போர் என்று வழங்கும் அப்போர், அதனைப் பற்றிய கதையாலேயே மற்றொரு போரின் நிழலாகிவிடுமாயின், அது மாண்டோரை இருமுறை மறப்பதாகும்.

கதையால் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. கதையைத் தள்ள வேண்டுவதில்லை. அதன் காலங்களைப் பிரித்துக் காட்டினாற் போதும். சொன்னவன் காலம் எது, சொல்லப்பட்டவன் காலம் எது என்று கேட்கப் பழகிய மாணவன், கதையையும் இழவான், வரலாற்றையும் இழவான்.