உடைமை: பொதுவும் அரசும் தனியும்

'உடைமை' பழைய சொல். அன்புடைமை, அறிவுடைமை, ஒழுக்கமுடைமை எனத் திருக்குறளின் அதிகாரப் பெயர்களிலேயே அது வருகிறது. அங்கே அதற்குப் பெற்றிருத்தல் என்றுதான் பொருள். நிலமும் பட்டாவும் அதில் இல்லை. இருபதாம் நூற்றாண்டு அரசியல் அதை எடுத்துக்கொண்ட பிறகு பொதுவுடைமை, தனியுடைமை, அரசுடைமை, நாட்டுடைமை எனக் கிளைகள் விட்டன. சமதர்மமும் சேர்ந்துகொள்ள, மேடையிலும் பாடநூலிலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று புழங்கலாயிற்று.

குழப்பம் தொடக்கத்திலேயே உண்டு. மார்க்சும் எங்கெல்சும் 1848-இல் வெளியிட்ட கம்யூனிஸ்ட் அறிக்கை, 1931-இல் பெரியாரின் 'குடி அரசு' இதழில் 'சமதர்ம அறிக்கை' என்ற பெயரில் வந்தது. அன்று சமதர்மம் கம்யூனிசத்தையும் குறித்தது. 1955-இல் ஆவடி காங்கிரஸ் சோசலிச பாணி சமுதாயத்தை இலக்காக அறிவித்தபோது அதற்கும் சமதர்மமே பெயராயிற்று. ஆனால் ஆவடித் தீர்மானம் கேட்டது வேறு. முக்கிய உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்றது அது. உடைமையா, கட்டுப்பாடா என்ற இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்காததால்தான் சொற்கள் கலங்குகின்றன.

பொதுவுடைமை என்பது ஆலையும் நிலமும் உழைப்போர் அனைவருக்கும் பொதுவாதல். மார்க்சிய நோக்கில் அதன் முதிர்ந்த கட்டத்தில் அரசே உதிர்ந்துவிடும். அரசுடைமையில் அரசுதான் முதலாளி. 1956-இல் ஆயுள் காப்பீடும் 1969-இல் 14 வங்கிகளும் அப்படித்தான் அரசின் கைக்கு வந்தன. இதை நாட்டுடைமை என்றும் எழுதுவதுண்டு. ஆனால் எழுத்தாளர் ஒருவரின் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கினால், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். வங்கியில் அந்த உரிமை யாருக்கும் இல்லை. ஒரே சொல்லுக்குள் இருக்கும் இந்த இரண்டில், பொது என்ற பெயருக்கு உண்மையில் பொருந்துவது நூல்தான்.

இவ்வேறுபாடுகளை ஓசூரில் கண்ணெதிரே காணலாம். கர்நாடக எல்லையை ஒட்டிய இந்த ஊரைத் தொழில் நகரமாக்கியது 1971-இல் தமிழக அரசு தொடங்கிய சிப்காட் என்ற தொழில் வளாக நிறுவனம். இங்கே கைக்கடிகார ஆலை அமைத்த டைட்டன், 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் சேர்ந்து உருவாக்கிய நிறுவனம். இன்றும் அதில் டிட்கோவின் பங்கு கால்வாசிக்கும் மேல். ஆனாலும் டைட்டன் அரசுடைமை அன்று. பங்குச் சந்தையில் விற்று வாங்கப்படும் கம்பெனி. இதற்குக் கூட்டுத்துறை என்று பெயர். பெங்களூரில் மத்திய அரசே கைக்கடிகாரம் செய்த எச்.எம்.டி.தான் பொதுத்துறை. கூட்டுத்துறையில் அரசு பங்குதாரர், பொதுத்துறையில் அரசே உரிமையாளர். இரண்டிலும் பொதுவுடைமை இல்லை.

கட்டுப்பாட்டுக்குப் பெயர் வைத்தவரும் இப்பகுதிக்காரர்தான். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். காங்கிரஸ் ஆட்சியை 'லைசென்ஸ் பெர்மிட் கோட்டா ராஜ்' என்று சாடினார். 1951-ஆம் ஆண்டின் தொழில்கள் சட்டப்படி, புதிய ஆலைக்கும் விரிவாக்கத்துக்கும் டெல்லியின் உரிமம் தேவைப்பட்டது. ஆலை முதலாளியுடையது, அதில் எவ்வளவு செய்யலாம் என்ற முடிவு அரசுடையது. அதைச் சோசலிசம் என்று ஆதரித்தோரும் எதிர்த்தோரும் அழைத்தது சரியாகாது. தனியுடைமையை அப்படியே விட்டுவைத்த கட்டுப்பாடு அது. உரிமம் கிடைத்த பெருநிறுவனங்களுக்குப் போட்டியிலிருந்து அது காப்பாகவும் இருந்தது.

1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு உரிமமுறை நீங்கியது. தாராளமயம் எனப்படும் அம்மாற்றத்தைத் தனியார்மயம் என்று சொல்வதும் வழக்கமான பிழை. முன்னது கட்டுப்பாட்டைத் தளர்த்துவது, பின்னது அரசின் உடைமையை விற்பது. உரிமமுறை போன பின்பும் டைட்டனில் டிட்கோவின் பங்கு போகவில்லை. சிப்காட் மனைகளோ 99 ஆண்டுக் குத்தகைக்கே தரப்படுகின்றன: கட்டடமும் எந்திரமும் கம்பெனியின் தனியுடைமை, அவை நிற்கும் மண் அரசு நிறுவனத்தின் உடைமை, மனையை வேறொருவருக்கு மாற்றவும் சிப்காட்டின் ஒப்புதல் வேண்டும்.