தாண் கோத்திரத்தின் மேல் விழுந்த பழி: அந்திக்கிறிஸ்துவின் பிறப்பு பற்றிய விளக்க மரபு

அந்திக்கிறிஸ்து எந்த ஊரில், எந்தக் குலத்தில் பிறப்பான் என்ற கேள்விக்கு வேதாகமத்தில் நேரடியான பதில் எங்கும் இல்லை. அந்தப் பெயரே யோவானின் முதல் இரண்டு நிருபங்களில், நான்கே வசனங்களில்தான் வருகிறது. வெளிப்படுத்தின விசேஷத்திலும் தானியேலிலும் அது இல்லை. அப்படியிருந்தும், கி.பி. 950 வாக்கில் பிரெஞ்சுத் துறவி ஒருவர் அவனுக்கு ஒரு முழு வாழ்க்கை வரலாறே எழுதிவிட்டார். பாபிலோனில் பிறப்பு, கோராசீனிலும் பெத்சாயிதாவிலும் வளர்ப்பு, எருசலேமில் அரியணை, ஒலிவமலையில் சாவு. குலம், இஸ்ரவேலின் தாண் கோத்திரம். நிருபங்களுக்கும் இந்த வரலாற்றுக்கும் இடைப்பட்ட நூற்றாண்டுகளில், குலத்தைப் பற்றிய கூற்று எங்கே முளைத்து எப்படி வேர்விட்டது என்பதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அதனால் விளைந்த கேடு பெரிது என்பதால், தேடலும் சற்று நுணுக்கமாகவே இருக்க வேண்டியிருக்கிறது.

முதலில் யோவான். அவர் பேசுவது இனிமேல் வரப்போகும் ஒரு தனி ஆளை மட்டும் பற்றியல்ல. அநேகர் ஏற்கெனவே தோன்றிவிட்டார்கள் என்கிறார். அவர்கள் சபைக்குள்ளிருந்தே பிரிந்து போனவர்கள் என்று அடுத்த வசனத்திலேயே சொல்கிறார் (1 யோவான் 2:18-19). இயேசுவைக் கிறிஸ்துவென்று மறுப்பதும், அவர் மாம்சத்தில் வந்ததை மறுதலிப்பதும்தான் அவர்களுக்கான அடையாளம். குலம், ஊர், தாய் தகப்பன் எதுவும் பேச்சில் இல்லை. உடைந்துபோன ஒரு சபையின் மூப்பர், தன் வீட்டுக்குள்ளே நடந்ததைப் பற்றி எழுதுகிறார். இந்த ‘உள்ளிருந்து’ என்ற குறிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

பின்னாளில் அந்திக்கிறிஸ்துவோடு இணைக்கப்பட்ட மற்ற மூன்று பகுதிகளுக்கும் தனித்தனி வரலாற்றுப் பின்னணி உண்டு. தானியேலின் சின்னக் கொம்பு, குறிப்பாக 8-ஆம் அதிகாரத்தில், கிரேக்க அரசுகளிலிருந்து முளைக்கிறது. கி.மு. 167-இல் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய அந்தியோகஸ் எபிபானஸை அது சுட்டுகிறது என்பதில் இன்றைய அறிஞர்களில் பெரும்பாலோருக்கு ஐயமில்லை. தேவாலயத்தில் உட்காரும் பாவமனுஷனைப் பற்றி 2 தெசலோனிக்கேயர் பேசும்போது, கி.பி. 40-இல் தன் சிலையை அதே ஆலயத்தில் நிறுத்தச் சொன்ன பேரரசர் கலிகுலாவின் நினைவு வாசகர்களுக்கு மங்கியிருக்காது. சீரியாவின் ஆளுநர் பெத்ரோனியஸ் காலம் கடத்தியதாலும், மறு ஆண்டு ஜனவரியில் கலிகுலா கொல்லப்பட்டதாலும் அந்தச் சிலை ஆலயத்துக்குள் நுழையவில்லை.

வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகத்துக்குப் பின்னால் நிற்பவன் நீரோ. 13-ஆம் அதிகாரத்தின் இலக்கத்தைக் கூட்டிப் பார்த்தாலே தெரியும். ‘நேரோன் கெசர்’ என்பதை எபிரெய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, பிறகு 100, 60, 200, மொத்தம் 666. லத்தீன் வழக்கப்படி ‘நேரோ’ என்று கடைசி எழுத்தை விட்டால் 50 குறைந்து 616. சில பழைய கையெழுத்துப் படிகளில் இலக்கம் 616 என்றே இருப்பது இந்த விளக்கத்துக்குப் பெரிய பலம். கி.பி. 68-இல் நீரோ தற்கொலை செய்துகொண்ட பிறகும் அவன் சாகவில்லை, கிழக்கிலிருந்து திரும்பி வருவான் என்ற பேச்சு அடங்கவில்லை. அடுத்த ஆண்டே ஒரு போலி நீரோ கிளம்பியதை ரோமானிய வரலாற்றாசிரியர் தாசித்துஸ் பதிவு செய்திருக்கிறார்.

ஆக, கொடுமைக்காரர் மூவர். மூவரும் யூதர் அல்லாத அரசர்கள். அவர்களுள் இருவர் யூதர்களின் ஆலயத்தின்மேலேயே கைவைத்தவர்கள் அல்லது கைவைக்கத் துணிந்தவர்கள். இவர்களின் சாயல்களைத் தாங்கிய அந்தப் பகுதிகளையெல்லாம் ஒரே எதிரியின் அங்க அடையாளங்களாகப் பின்னால் வந்தவர்கள் இணைத்தபோது, அவனை யூதனாக்கிவிட்டார்கள். இந்த மாற்றம் நடந்த இடத்தை நாம் ஏறக்குறைய பக்க எண்ணோடு காட்ட முடியும்.

கி.பி. 180 வாக்கில், லியோன் நகரின் ஆயர் இரனேயு எழுதிய ‘கொள்கைப் பிறழ்வுகளுக்கு எதிராக’ என்ற நூலின் ஐந்தாம் பகுதி, 30-ஆம் அதிகாரம். 666 என்ற இலக்கத்துக்குப் பொருந்தும் பெயர்கள் எவை என்று இரனேயு அங்கே ஆராய்கிறார். எவாந்தஸ், லாத்தேனோஸ், தெய்தான் என்று மூன்று பெயர்களைத் தருகிறார். தெய்தான் அவருக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் உறுதியாகச் சொல்ல மறுக்கிறார். பெயர் தெரிய வேண்டியிருந்தால், தொமித்தியன் ஆட்சியின் கடைசியில் தரிசனம் கண்டவரே அதைச் சொல்லியிருப்பார் என்பது அவர் வாதம். மிகவும் பொறுப்பான பேச்சு. ஆனால் அதே அதிகாரத்தில் குலத்தைப் பற்றிப் பேசும்போது இந்தத் தயக்கம் அவரிடம் இல்லை. தாணிலிருந்து குதிரைகளின் கனைப்புக் கேட்கிறது என்ற எரேமியா 8:16-ஐ எடுத்து, எதிரியின் கோத்திரத்தையே தீர்க்கதரிசி காட்டிவிட்டார் என்கிறார். வெளிப்படுத்தின விசேஷம் 7-இல் முத்திரையிடப்பட்ட கோத்திரங்களின் வரிசையில் தாண் விடுபட்டதற்கும் இதுவே காரணம் என்று முடிக்கிறார்.

ஒரு தலைமுறைக்குப் பின் ரோமில் இப்போலித்து இந்தச் சிறு கூற்றை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். கி.பி. 200 அளவில் அவர் எழுதிய ‘கிறிஸ்துவும் அந்திக்கிறிஸ்துவும்’ என்ற நூலின் அடித்தளம் ஒப்புமை. கிறிஸ்து சிங்கம் என்றால் இவனும் சிங்கம். அவர் ராஜா, இவனும் ராஜா. அவர் அப்போஸ்தலரை அனுப்பினார், இவன் கள்ள அப்போஸ்தலரை அனுப்புவான். அவர் விருத்தசேதனமுள்ளவராய் வந்தார், இவனும் அப்படியே வருவான். இந்த வழியில் போனால் கிறிஸ்துவுக்கு யூதா கோத்திரம்போல் இவனுக்கும் ஒரு கோத்திரம் தேவைப்படுகிறது. மோசேயின் ஆசீர்வாதத்தில் தாண் ‘பாலசிங்கம்’ எனப்படுகிறான் (உபாகமம் 33:22). யாக்கோபின் ஆசீர்வாதத்தில் அவன் வழியில் கிடக்கும் பாம்பு (ஆதியாகமம் 49:17). பாம்பு என்றதும் ஏதேனின் சர்ப்பம் நினைவுக்கு வர, இப்போலித்துக்கு முடிச்சு விழுந்துவிட்டது.

இந்த நான்கு வசனங்களையும் அவற்றின் இடத்தில் வைத்துப் பார்த்தால் முடிச்சு அவிழ்ந்துவிடும். எரேமியா சொல்வது பூகோளம். நாட்டின் வடகோடியில் இருந்த ஊர் தாண். பாபிலோன் படை வடக்கிலிருந்து இறங்கும்போது குதிரைக் கனைப்பு முதலில் அங்கேதான் கேட்கும். அங்கிருந்து வருபவர்கள் தாண் புத்திரர் அல்ல, அவர்களை மிதித்துக்கொண்டு வரும் அந்நியர். குதிரையின் குதிங்காலைக் கடித்து வீரனைக் கீழே தள்ளும் பாம்பு, பெரிய பகைவனைச் சாய்க்கும் சிறு கோத்திரத்துக்குத் தரப்பட்ட பாராட்டு. தாண் வம்சத்துச் சிம்சோனின் கதையே அதற்கு உரை. பாலசிங்கமோ நேரடியான ஆசீர்வாதம்.

எஞ்சியது வெளிப்படுத்தின விசேஷத்தின் வரிசை. தாண் கோத்திரத்தார் விக்கிரகத்தை நாட்டியதும் (நியாயாதிபதிகள் 18), யெரொபெயாம் தாணில் பொற்கன்றுக்குட்டியை வைத்ததும் (1 இராஜாக்கள் 12) அந்தப் பெயரை விடக் காரணமாக இருந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம். ஆனால் அந்த வரிசையில் எப்பிராயீம் பெயரும் இல்லை; மோசேயின் ஆசீர்வாதத்தில் சிமியோன் பெயர் இல்லை. அவர்கள் குலத்தில் யாரும் எதிரியைத் தேடவில்லை. எசேக்கியேல் 48-இல் புதிய தேசத்தைப் பங்கிடும்போது முதல் பங்கே தாணுக்குத்தான். அந்த வசனத்துக்குப் பழைய விளக்கங்களில் உரிய இடம் கிடைக்கவே இல்லை.

இந்த மரபு இரனேயுவுக்கு முந்தியது, எழுதப்படாத பழைய யூத வழக்கிலிருந்து வந்தது என்று ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் பூசே 1895-இல் வாதிட்டார். ‘பன்னிரு கோத்திரப் பிதாக்களின் சாசனங்கள்’ என்ற நூலில் தாண் கோத்திரத்தின் அதிபதி சாத்தான் என்று வருவது அவர் தரப்புக்கு உதவும். ஆனால் அந்த நூலில் கிறிஸ்தவக் கை எவ்வளவு தூரம் புகுந்திருக்கிறது என்பதிலேயே கருத்து வேற்றுமை இருக்கிறது. தாணின் புத்திரர் வழிதவறுவார்கள் என்பதும், உலகை ஏமாற்றும் இறுதி எதிரி அந்தக் குலத்தில் பிறப்பான் என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது கூற்றை நமக்குத் தெளிவாகத் தருபவர் இரனேயுதான். அவரும் அங்கே சான்றாகக் காட்டுவது முன்னோர் வாய்மொழியை அல்ல, மேலே பார்த்த வசனங்களைத்தான். எனவே இது வசனங்களைச் சேர்த்து வாசித்ததில் பிறந்த கருத்து என்றே கொள்ள வேண்டும்.

அடுத்து வந்தவர்களில் எல்லோரும் இந்த வழியில் போகவில்லை. வட ஆப்பிரிக்காவின் திக்கோனியஸ், தீமையின் உடல் சபைக்குள்ளேயே கலந்து கிடக்கிறது என்று விளக்கி யோவானின் குரலுக்குத் திரும்பினார். அவரிடம் கற்றுக்கொண்ட அகுஸ்தீன், தெசலோனிக்கேயர் நிருபத்தில் பவுல் என்ன நினைத்தார் என்பது தனக்கு விளங்கவில்லை என்று ‘கடவுளின் நகரம்’ 20-ஆம் நூலில் எழுதினார். அவரது மேதைமைக்கு அந்த ஒரு வாக்கியமே போதும். ஆனால் மக்கள் மனத்தில் நின்றது ஜெரோமின் வழி. தானியேலின் கொம்பு அந்தியோகஸே, நூலே அவன் காலத்தில் எழுதப்பட்டது என்று போர்ஃபிரி என்ற தத்துவவாதி எழுதியிருந்தார். அவரை மறுக்க 407-இல் ஜெரோம் எழுதிய உரையில், யூத இனத்தில் தோன்றிப் பாபிலோனிலிருந்து வருபவனாக அந்திக்கிறிஸ்து நிற்கிறான்.

ஏழாம் நூற்றாண்டின் கடைசியில், அரபுப் படையெழுச்சியால் நிலைகுலைந்த சிரியாக் கிறிஸ்தவர் ஒருவர் மெத்தோதியஸ் என்ற பழைய ஆயரின் பெயரில் ஒரு வெளிப்பாட்டு நூல் எழுதினார். அதில், கோராசீனும் பெத்சாயிதாவும் இயேசு சபித்த ஊர்கள் என்பதால் அந்திக்கிறிஸ்துவுக்கு அவை சொந்த ஊர்களாயின. இந்த நூல் சீக்கிரமே கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போயிற்று. இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் மோந்தியே-ஆன்-தெர் மடத்துத் துறவி அத்சோ, அரசி கெர்பெர்காவின் கேள்விக்கு விடையாக எழுதிய கடிதத்தில், சிதறிக் கிடந்தவை எல்லாம் ஒன்றாகின. புனிதர் வரலாறு எழுதிப் பழகிய கை அவருடையது. அதே வரிசையில் கருவுறுதல், பிறப்பு, கல்வி, அற்புதங்கள், மரணம் என்று எதிரியின் வாழ்வை எழுதினார். கருவிலேயே பிசாசு புகுந்துகொள்கிறது, வளர்ப்பவர்கள் மந்திரவாதிகள். பிற்காலப் படிகளில் இக்கடிதம் அகுஸ்தீன், அல்குயின் போன்றோரின் பெயர்களில் உலவியதால் அதற்கு அவர்களின் அதிகாரமும் சேர்ந்துகொண்டது.

இந்த மரபு எவ்வளவு தூரம் ஊறியிருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1190-91 குளிர்காலத்தில் சிலுவைப் போருக்குப் போகும் வழியில் இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் சிசிலியின் மெசினாவில் தங்கியிருந்தார். அங்கே கலாப்ரியாவின் மடாதிபதி யோவாக்கிமை அழைத்துக் கேட்டபோது, அந்திக்கிறிஸ்து ரோமில் ஏற்கெனவே பிறந்துவிட்டான், திருத்தந்தையின் இருக்கையிலேயே அமர்வான் என்று அவர் சொன்னதாக ஹௌடன் ரோஜரின் வரலாறு கூறுகிறது. அரசர் மறுத்தார். பாபிலோனிலோ அந்தியோகியாவிலோ, தாண் கோத்திரத்தில் அல்லவா அவன் பிறப்பான் என்றார். போர்க்களமே வாழ்க்கையாகக் கொண்ட ஓர் அரசரின் வாயில் அத்சோவின் பாடம் அப்படியே வருகிறது. எதிரி வெளியே இருக்கிறான் என்பவருக்கும் உள்ளே இருக்கிறான் என்பவருக்கும் நடந்த வாக்குவாதம் இது. துறவி நின்றது, தெரிந்தோ தெரியாமலோ, யோவான் நின்ற பக்கம்.

யூதர்கள் அந்திக்கிறிஸ்துவை மேசியாவாக ஏற்று அவன் பின்னே திரளுவார்கள் என்ற எதிர்பார்ப்பு இடைக்கால ஐரோப்பாவில் அவர்கள் மேல் இருந்த வெறுப்புக்கு நெய் வார்த்தது. மலைகளுக்கு அப்பால் அடைபட்டிருக்கும் ‘சிவப்பு யூதர்கள்’ ஒருநாள் வெளியே பாய்ந்து அவனுக்குப் படையாவார்கள் என்று ஜெர்மன் நாடுகளில் கதை பரவியது. இத்தனைக்கும் நடுவில், 1160 வாக்கில் பவேரியாவின் தேகெர்ன்சே மடத்தோடு தொடர்புடைய ஒரு லத்தீன் நாடகம் வேறு குரலில் பேசுகிறது. அதில் அந்திக்கிறிஸ்து அரசர்களை வசப்படுத்துகிறான். கிரேக்க அரசனுக்கு மிரட்டல், பிரெஞ்சு அரசனுக்குப் பரிசு, ஜெர்மானியனுக்குப் பொய் அற்புதம். யூத சமயத்தின் உருவமான ஜெபாலயமும் முதலில் ஏமாறுகிறது. ஆனால் ஏனோக்கும் எலியாவும் உண்மையை உணர்த்தியதும் அவனை முகத்துக்கு நேரே மறுத்து உயிரைக் கொடுக்கிறது. அந்த மடத்துக் கவிஞரின் பெயர் தெரியாமற்போனது வருத்தத்துக்குரியது.

அந்திக்கிறிஸ்துவின் குணத்தைக் காட்டுவதைப் பொறுத்தவரை, எந்த உரையையும் விடக் கூர்மையானது ஒர்வியேத்தோ பேராலயத்தில் 1500-ஐ ஒட்டி லூக்கா சிக்னொரெல்லி வரைந்த சுவரோவியம். பீடத்தின்மேல் நிற்பவனைச் சட்டென்று பார்த்தால் இயேசுதான். அதே தாடி, அதே அங்கி. அவன் காதருகே பிசாசு குனிந்து ஓதுகிறது. அங்கியின் மடிப்பிலிருந்து வரும் கை அவனுடையதா பிசாசினுடையதா என்று பிரித்தறிய முடியவில்லை. பீடத்தின் அடியில் பொன்னும் பாத்திரங்களும் குவிந்திருக்கின்றன.

மார்ட்டின் லூதர் 1520-இல் போப்பின் கண்டன ஆணையை அந்திக்கிறிஸ்துவின் ஆணை என்றழைத்தபோது, பிறப்பைப் பற்றிய கேள்வியே அடிபட்டுப்போனது. போப்பு என்ற பதவிக்குக் கோத்திரம் ஏது? மறு ஆண்டு லூக்காஸ் கிரானாக்கின் மரச்செதுக்குப் படங்கள் நடத்தையை நடத்தையோடு ஒப்பிட்டன. ஒரு பக்கம் கிறிஸ்து சீஷரின் கால்களைக் கழுவுகிறார்; எதிர்ப் பக்கம் அரசர் குனிந்து போப்பின் பாதத்தை முத்தமிடுகிறார். எதிரியைச் சபைக்குள்ளேயே தேடிய வகையில் இது யோவானுக்கு நெருக்கம். ஆனால் அதைக் கத்தோலிக்கர்மேல் மட்டும் நிரந்தரமாகச் சுமத்தியது இன்னொரு அநீதியாயிற்று.

போப்புகள்மேல் விழுந்த இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொன்ன இயேசு சபையின் இராபர்ட் பெல்லார்மின் தாண் மரபின் ஒரு பாதியைக் கேடயமாக்கினார். அந்திக்கிறிஸ்து யூதனாகப் பிறப்பான், போப்புகள் யூதரல்லர்; எனவே குற்றச்சாட்டு நில்லாது என்பது 1586-இல் வெளிவந்த நூலில் அவர் வாதம். குறிப்பிடத்தக்க செய்தி, தாண் கோத்திரம் என்பதை அவர் நிச்சயமென்று சொல்லாமல் பெரும்பாலும் உண்மை என்ற அளவில் நிறுத்தியதுதான். சான்று வசனங்களின் நேர்ப்பொருள் வேறு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

19-ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியின் போதனை வழியாகவும், 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் வழியாகவும், எதிர்காலத்தில் வரும் தனி ஆள் என்ற கருத்து புராட்டஸ்டண்டு உலகிலும் உறுதிப்பட்டது. தமிழ்க் கன்வென்ஷன் மேடைகளில் கேட்கும் இரகசிய வருகை, ஏழு வருட உபத்திரவம் என்ற வரிசை இந்த ஓடையைச் சேர்ந்ததுதான். இம்மரபில் பலர் அவனை ஐரோப்பிய அரசியல்வாதியாக்கினர். ஆனால் பழைய கூற்று சாகவில்லை. 1999 ஜனவரியில் அமெரிக்கப் போதகர் ஜெர்ரி ஃபால்வெல், அந்திக்கிறிஸ்து இன்று உயிரோடு இருக்கக்கூடும், அவன் யூத ஆண்மகனாகவே இருப்பான் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். கண்டனம் எழுந்ததும் பேசியதற்காக மன்னிப்புக் கேட்டார். கிறிஸ்து யூதர், எனவே போலியும் யூதன் என்ற அடிப்படையை அவர் கைவிடவில்லை. அந்த அடிப்படை இப்போலித்துவின் ஒப்புமைதான். ஃபால்வெலின் பேச்சுக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1992-இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், அந்திக்கிறிஸ்துவைக் கடவுளின் இடத்தில் மனிதன் தன்னையே உயர்த்திக்கொள்ளும் போலி மெசியாத்தனம் என்று 675-ஆம் பத்தியில் விளக்குகிறது. அந்தப் பத்தியில் ஊரும் குலமும் இடம்பெறவில்லை.