மாய உறுப்பும் ஆன்மாவுக்கான சான்றும்

காலை இழந்த ஒருவர், இல்லாத அக்காலின் பெருவிரல் எரிகிறது என்று முறையிடுங்கால் நாம் யாது மறுமொழி கூறுகிறோம்? அது வெறும் நினைவு என்று தேற்றி, ஒரு சங்கீதத்தை வாசித்து, ஜெபித்துத் திரும்பிவிடுகிறோம். நம்மிற் சிலரேனும் அவ்வாறு செய்ததுண்டு. இவ்வலியின் வரலாற்றை நோக்கின், நம்மினும் பெரியோர் பலரும் அதனைச் செவிமடுத்தும் கேளாதவராகவே இருந்தனர் என்பது விளங்கும்.

பிரெஞ்சுப் படைகளோடு சென்ற அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே, 16ஆம் நூற்றாண்டிலேயே இதனைக் குறித்துவைத்தார். உறுப்பை நீக்கியபின் குருதிக் குழாய்களை நூலால் கட்டும் முறையைப் பரப்பியவரும் அவரே. பிழைத்தெழுந்தோர்தாமே வலியைப் பற்றிப் பேச இயலும்!

மெய்யியலார் தேக்கார்த் 1644ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு சிறுமியைக் குறிப்பிடுகிறார். அவள் கையில் கொடிய புண். மருத்துவர் வரும்போதெல்லாம் அவள் கண்களைக் கட்டிவிடுவர். புண் அழுகிப் பரவவே, முழங்கை வரை கையை நீக்கி, அவள் அறியாவண்ணம் துணிகளைச் சுற்றிவைத்தனர். அவளோ ஒருமுறை இந்த விரல் வலிக்கிறது என்றாள். மறுமுறை அந்த விரல் என்றாள். ஆன்மா வலியை உணர்வது கையிலன்று, மூளையின் வாயிலாகவே என்பதற்கு அவர் இதனைச் சான்றாக்கினார். வாதம் நுட்பமானதே. ஆயினும் அச்சிறுமியின் வலி தணிந்ததா என்பது அவ்வாதத்துக்குத் தேவைப்படவில்லை.

இவ்வரலாற்றில் நம்மவரும் இடம் பெறுகின்றனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) நரம்புக் காயமுற்றோருக்குப் பிலதெல்பியாவில் மருத்துவம் செய்த சைலஸ் வியர் மிச்செல், தாம் கண்டவற்றைக் கொண்டு ஒரு கற்பனைக் கதை புனைந்தார். அதன் நாயகனான ஜார்ஜ் டெட்லோ ஒரு படை மருத்துவன். கண்விழித்தவன், இடக்கால் சதை பிடித்து இழுக்கிறது, தேய்த்துவிடு என்று பணியாளனைக் கேட்கிறான். இரு கால்களும் நீக்கப்பட்டதை அவன் வாயிலாகவே அறிகிறான். இறுதியில் நான்கு உறுப்புகளையும் இழந்து, தான் இன்னும் தானே தானா என்று ஐயுறுகிறான். கைப்படியைப் படித்த பர்னஸ் என்னும் குருவானவர் அதனை எட்வர்டு எவரெட் ஹேல் என்னும் மற்றொரு குருவானவருக்கு அனுப்ப, அவர் வழியாக அது 1866 ஜூலையில் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. பலர் மெய்யென்றே நம்பினர். டெட்லோவுக்கு உதவப் பணம் திரட்டினர். சிலர் மருத்துவமனைக்கே சென்று அவனைத் தேடினர்!

கதையின் முடிவோ ஏளனமானது. ஆவிகளை அழைக்கும் கூட்டமொன்றில், அருங்காட்சியகச் சாராயத்தில் ஊறிக்கிடந்த அவன் கால்கள் ஆவியுருவில் திரும்பிவர, அவன் சில அடிகள் நடக்கிறான். ஆவியுலகக் கொள்கையினர் இதனைத் தம் நம்பிக்கைக்கு நற்சான்றெனக் கொண்டு மகிழ்ந்தனர் என்று மிச்செல் 1900இல் எழுதினார். பொய்க்கால்களின் ஆவிக்கு இத்துணை விரைவில் நம்பிக்கை கிட்டியது. மெய்யாகக் கால் இழந்தோரின் சொல்லுக்கு அது கிட்டவில்லை. 1871இல்தான் மிச்செல் தம் பெயரில் கட்டுரை எழுதி, 'மாய உறுப்பு' எனப் பொருள்படும் பெயரை வழங்கினார்.

பின்னும் நோயாளர் பலர் வாய்திறக்க அஞ்சினர். பித்தர் என்பார்களே என்ற கூச்சம். 1984இல் வெளியான ஓர் ஆய்வில், வினாக்களுக்கு விடையளித்த உறுப்பிழந்த அமெரிக்க முன்னாள் படைவீரருள் 78 விழுக்காட்டினர் இவ்வலி தமக்குண்டு என்றனர்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கலிபோர்னியாவில் இவர்களை ஆராய்ந்தார். கை இழந்த சிலரின் கன்னத்தைத் தொட்டபோது, இல்லாத விரல்களில் தொடுவுணர்வு எழுந்தது. மூளையில் கைக்குரிய பகுதியும் முகத்துக்குரிய பகுதியும் அண்டையில் இருப்பதே இதன் காரணம் என அவர் விளக்கினார். இல்லாத கை இறுகிக் கிடக்கிறது, விரிக்க இயலவில்லை என்றோரை அவர் மறுக்கவில்லை. நிமிர்த்தி வைத்த ஒரு கண்ணாடியின் முன் எஞ்சிய கையை நீட்டச் செய்தார். கண்ணாடியில் தெரிந்த உருவம் இழந்த கையின் இடத்தில் தோன்றிற்று. எல்லாருக்கும் இது பயன் தருவதில்லை. சிலருக்கோ, இறுகிக் கிடந்த விரல்கள் ஆண்டுகள் பல கழிந்து விரிந்தன.