காதங்கிக் கணக்கு

திருச்சானூரில் தாயாரைத் தொழுது சித்தூர்ச் சாலை வழியே செல்லும் அன்பர்கள் காதங்கி என்னும் சிற்றூரைக் கடந்திருப்பர். குன்றுகள் சூழ்ந்த அவ்விடத்தில் 1992-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ரேடார் நிலையமே 2005 முதல் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக்கூடமாக விளங்குகிறது.

130 மீட்டர் சதுர நிலத்தில், வரிசைக்கு 32 ஆக 1024 யாகி ஏரியல்கள். மேகமற்ற வானில் வீசும் காற்றையும் அளப்பதே நோக்கம். ஆனால் வெறுங்காற்றிலிருந்து மீளும் எதிரொலி மிக மிக நலிந்தது. அலை சிறிது பக்கவாட்டில் சிந்தினும், குன்றில் பட்டு மீளும் பேரொலி அதனை விழுங்கிவிடும். வலிமையைக் கூட்டினால் தீராதோ எனின், சிந்துவதும் உடன் கூடுமே! ஆதலின் 32 அலைபரப்பிகளுக்கும் சமபங்கு அளியாது, நடுவில் 120 கிலோவாட்டில் தொடங்கி ஓரம் நோக்கிப் படிப்படியாகக் குறைத்தனர். இதனால் முதன்மைக் கற்றை சற்றே அகலும்; அவ்விழப்பையும் கணக்கிட்டே ஏற்றனர்.

கற்றையைச் சாய்க்க ஏரியல் அசைவதில்லை. அலைநீளம் 5.66 மீட்டர்; வரிசை இடைவெளி அதில் பத்தில் ஏழு பங்கு. பத்துப் பாகை சாய்க்க, ஒவ்வொரு வரிசையின் அலையையும் முந்தியதற்கு ஏறத்தாழ 44 பாகை பிந்தச் செய்தால் போதும். வண்டிகளை இடைவெளிவிட்டு அனுப்பும் ரயில்வேக்காரருக்கு இது புதிதன்று. இங்ஙனம் பல திசைகளில் கற்றையைச் செலுத்தி, எதிரொலியின் அதிர்வெண் மாறுபாட்டால் காற்றின் வேகத்தையும் திசையையும் கண்டனர்.