பார்க்கப்படும் பெண்ணும் பார்க்கும் பெண்ணும்: இரவி வர்மா, அமிர்தா சேர்கில் ஓவியங்களை முன்வைத்து

முன்னுரை

ஓவியத்தில் பெண்ணுருவம் இடம்பெறுவது தொன்றுதொட்ட வழக்கமாகும். ஆயின், அவ்வாறு இடம்பெறும் பெண் தனக்கென ஓர் அகவாழ்வு உடையவளா, காண்போரின் களிப்புக்கென நிறுத்தப்பட்டவளா என்னும் வினா இன்றைய ஊடகச் சூழலில் தவிர்க்கவியலாதது. இரவி வர்மா (1848-1906), அமிர்தா சேர்கில் (1913-1941) ஆகிய இருவரின் படைப்புகள் வழி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அச்சுப்படமும் வணிகமும்

1894இல் பம்பாயில் செருமானியத் தொழில்நுட்பத் துணையுடன் இரவி வர்மா அச்சகம் நிறுவினார். அரண்மனைச் சுவர்களில் இருந்த திருமகளும் கலைமகளும் மலிவு விலையில் எளியோர் இல்லங்களை அடைந்தனர். இது கலையைப் பொதுமையாக்கிய அரும்பணி என்பதில் ஐயமில்லை. பின்னர் அவ்வச்சகம் செருமானியரான பிரிட்சு சிலைக்கர் கைக்கு மாறியது. அப்படங்கள் நாட்காட்டிகளிலும் வணிக விளம்பரங்களிலும் பரவலாயின.

இம்மாற்றத்தின் விளைவைச் சகுந்தலை ஓவியத்தைக் கொண்டு விளக்கலாம். காலில் தைத்த முள்ளை எடுப்பவள்போல் நின்று அவள் துட்யந்தனைத் திரும்பி நோக்குகிறாள். கதையை அறிந்தோர்க்கு அது அவளது சொந்த விழைவின் வெளிப்பாடு. இத்தகைய ஓர் உருவத்திலிருந்து கதை அகன்று, விற்பனைப் பொருளின் பெயர் வந்து அமரும்போது, அவள் பார்வை வாங்குவோரை ஈர்க்கும் வெறும் தோற்றமாகச் சுருங்கிவிடுகிறது. உருவம் மாறாதிருக்க, அவளது நோக்கம் மட்டும் பறிக்கப்படுவதை இங்குக் காண்கிறோம்.

அமிர்தாவின் மறுமொழி

புடாபெசுட்டில் பிறந்து பாரிசில் ஓவியம் பயின்ற அமிர்தா 1934இல் இந்தியா திரும்பினார். 1935இல் அவர் தீட்டிய ‘மூன்று பெண்கள்’ ஓவியத்தில் எவரும் நம்மை நோக்குவதில்லை, புன்னகைப்பதுமில்லை. தத்தம் எண்ணங்களில் ஆழ்ந்து அமர்ந்துள்ளனர். காண்போர்க்கு இன்பமூட்டும் கடமை அவர்களுக்கு இல்லை. இவ்வோவியம் 1937இல் பம்பாய்க் கலைக் கழகத்தின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. அதே ஆண்டில், அசந்தாவையும் தென்னிந்தியாவையும் கண்ட பின்னர், ‘மணப்பெண் ஒப்பனை’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியச் சிற்றூரார்’ முதலியவற்றைத் தீட்டினார்.

ஆடையின்மையே இழிவு என்னும் கருத்தையும் அவர் ஓவியங்கள் மறுக்கின்றன. 1933இல் பாரிசில் வரைந்த ‘தொழில்முறை மாதிரி’ ஆடையற்ற ஒரு பெண்ணின் ஓவியம். தளர்ந்த உடலும் களைத்த முகமும் கொண்ட அவளிடம் கவர்ச்சியைத் தேடுவோர் ஏமாறுவர். பிறர் பார்ப்பதற்காக அமர்ந்து பிழைக்கும் ஒருத்தியின் அயர்வே அங்குப் பொருளாகிறது.

சட்டமும் அளவுகோலும்

இந்திய அரசு 1986இல் பெண்களை இழிவாகச் சித்திரிப்பதைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியது. விளம்பரங்களையும் வெளியீடுகளையும் அது கட்டுப்படுத்துகிறது. கலை, இலக்கியம், அறிவியல், கல்வி ஆகியவற்றின் நலன் கருதியவற்றுக்கு விலக்களிக்கிறது. எனினும், எது கலை என்பதைச் சட்டம் தானே தீர்த்துவிட முடியாது. ஆடையின் அளவை மட்டும் கொண்டு தீர்ப்பளித்தால் அமிர்தாவின் ஓவியம் குற்றமாகும். பட்டுடுத்திப் பொருள் விற்கும் பதுமையோ குற்றமற்றதாகும்.

முடிவுரை

எனவே, படத்திலுள்ள பெண்ணுக்குச் சொந்த நோக்கம் உண்டா, அவள் செயல் யாருக்குப் பயன்படுகிறது, அவளை நீக்கினால் படத்தின் பொருள் கெடுமா என்னும் மூன்று வினாக்களை நாம் அளவுகோலாகக் கொள்ளலாம். பாடநூற்படங்களையும் விளம்பரங்களையும் அருகருகே வைத்து இவ்வினாக்களை மாணவரிடம் எழுப்புவது தமிழாசிரியர்க்கு எளிதே. தடைவிதிகள் எட்டாத இடத்திலும் பகுத்துணரும் பார்வை எட்டும் என நம்புகிறோம்.