மணலுக்குள் உறங்கும் மீன்

வடகடலில் ஒரு காலத்தில் வேறெந்த மீனையும்விட அதிகமாகப் பிடிபட்டது, அநேகமாக யார் தட்டுக்கும் போகாத ஒரு மீன். சாண்டீல் என்பார்கள், நாம் மணல் விலாங்கு எனலாம். ஒரு சாண் நீளம், வெள்ளிக் கம்பி போன்ற உடல். இதற்குக் காற்றுப்பை கிடையாது, நீந்துவதை நிறுத்தினால் அடியில் போய் இறங்கிவிடும். அதனால் இரவானதும் பருமணலுக்குள் புதைந்துகொள்கிறது. இலையுதிர் காலமும் குளிர்காலமும் ஏறக்குறைய முழுவதும் மணலுக்குள்தான். நடுக்குளிரில் முட்டையிட மட்டும் வெளியே வரும். ஏப்ரல் முதல் ஜூன்வரை பகலில் கூட்டமாக எழும்பி, நீரில் மிதக்கும் சிற்றுயிர்களை மேயும்.

சேறு கலந்த தரை இதற்கு ஆகாது. ஆகவே டாகர் பேங்க் போன்ற மணல் திட்டுகளே இதன் வீடு. வளர்ந்த மீன் தன் திட்டை விட்டு அதிக தூரம் போவதில்லை. எங்கே கிடைக்கும் என்று மீனவருக்குத் திட்டமாகத் தெரியும். ஒரு திட்டைத் துடைத்து எடுத்துவிட்டால் அது மீண்டும் நிரம்ப நாளாகும்.

முன்பெல்லாம் கரையோர மக்கள் வற்றுநேரத்தில் ஈரமணலைக் கிளறி, தூண்டில் இரைக்காக இதை எடுத்தார்கள். 1950களில் டென்மார்க் படகுகள் சிறுகண் மடிவலைகளோடு இறங்கின. எஸ்பியர் துறைமுக ஆலைகளில் மீன் அரைபட்டு மாவாகவும் எண்ணெயாகவும் மாறியது. மாவு பன்றிக்கும் கோழிக்கும் போனது, பின்னாளில் சால்மன் பண்ணைகளுக்கும் போனது. 1990களின் பிற்பகுதியில் ஓராண்டுப் பிடிப்பு 10 லட்சம் டன்னைத் தாண்டியது.

முதல் எச்சரிக்கை ஷெட்லாந்துத் தீவுகளில் வந்தது. 1970களில் அங்கே தொடங்கிய பிடிப்பு 1982இல் 50 ஆயிரம் டன்னைத் தாண்டி, பிறகு சரிந்தது. 1980களின் பிற்பாதியில் ஆர்க்டிக் ஆலா என்னும் கடற்பறவைகள் ஆண்டுக்காண்டு முட்டையிட்டன. குஞ்சுகளோ இரையின்றிக் கூட்டிலேயே செத்தன. மீன்பிடிப்புதான் காரணமா, வேறு திட்டுகளிலிருந்து நீரோட்டத்தில் மிதந்துவரும் மீன்குஞ்சுகள் குறைந்ததா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். வாதம் ஓய்வதற்குள் 1991இல் அந்த மீன்பிடிப்பு மூடப்பட்டது.

தெற்கேயும் பிடிப்பு பெருகியது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் கழிமுகத்துக்கு வெளியே உள்ள வீ பேங்கி என்னும் திட்டில் 1993இல் மட்டும் ஒரு லட்சம் டன்னுக்குமேல் அள்ளப்பட்டது. எடின்பரோவில் குடியிருக்கும் நான் ஆன்ஸ்ட்ரதரில் படகேறி, அந்தத் திட்டுக்கு அருகிலுள்ள மே தீவுக்குப் போவதுண்டு. ஜூன் மாதத்தில் பஃபின் பறவைகள் அலகின் குறுக்கே வரிசையாக மணல் விலாங்குகளைக் கவ்விக்கொண்டு வளைக்குள் ஓடும். பாறை விளிம்பில் கிட்டிவேக் என்னும் கடற்காகங்கள் கூடு கட்டியிருக்கும். பஃபின் ஆழத்தில் மூழ்கும். கிட்டிவேக்கோ நீர்ப்பரப்பில் கிடைப்பதை மட்டுமே கொத்தும். மேலே வரும் மீன் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது அதுதான். மீன் பிடிக்கப்பட்ட ஆண்டுகளில் அதன் குஞ்சுகள் குறைவாகவே தேறின. 2000இல் ஐரோப்பிய ஒன்றியம் கிழக்கு ஸ்காட்லாந்து முதல் வடகிழக்கு இங்கிலாந்து வரையிலான கரையோரக் கடலில் இந்த மீன்பிடிப்பை மூடியது.

2024 மார்ச்சில் பிரிட்டன் ஸ்காட்லாந்துக் கடல் முழுவதிலும், வடகடலின் இங்கிலாந்துப் பகுதியிலும் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் தி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்துக்குப் போனது. 2025 மே மாதம் தீர்ப்பு வெளியானது. இங்கிலாந்துத் தடையை முடிவுசெய்த முறையில் ஒரு குறையைத் தீர்ப்பாயம் சுட்டியது. ஆனாலும் தடையை நீக்கச் சொல்லவில்லை.

டென்மார்க் மீனவர்களின் இழப்பு பெரிது. தலைமுறைகளாகச் செய்த தொழில் அது, அவர்கள் விதிப்படியே பிடித்தார்கள். தவறு கணக்குப் போட்ட விதத்தில் இருந்தது. மனிதர் உண்ணாத மீன் என்பதால் அது யாருக்கும் தேவையில்லாதது என்று பல பத்தாண்டுகள் எண்ணப்பட்டது. பறவைக்கும், காட் மீனுக்கும், சீலுக்கும், திமிங்கலத்துக்கும் அதுவே சோறு. கடல் சூடேறி அந்த மீனின் இரையும் குறைந்துவரும் இக்காலத்தில், அந்த உயிர்களின் பங்கை முதலில் ஒதுக்கிவைத்துவிட்டு மிச்சத்துக்கே வலை வீச வேண்டும். மிச்சம் இல்லாத கடலில் வலையே கூடாது. பிரிட்டனின் தடை தாமதமாக வந்தது, ஆனால் சரியானது.